பாடம் எது? வகுப்பறைக்கு வந்த இணையக் கருவிகளும் தமிழாசிரியரும்

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



‘பாடம்’ என்னும் சொல் தமிழில் பல பொருள் தாங்கி நிற்பது. மாணவர் வகுப்பில் பயில்வது பாடம். பயின்றதை நெஞ்சில் நிறுத்தினால் அது மனப்பாடம். சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியருக்கோ, ‘இவ்விடத்தில் ஆசிரியர் எழுதிய சொல் இதுவே’ என்று துணியும் மூலவடிவம் பாடம். பிற சுவடிகளில் காண்பவை பாடவேறுபாடுகள். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் காலந்தொட்டு, இம்மூன்றாம் பொருளுக்குரிய உழைப்பு அறிஞர் சிலரின் தனிப்பணியாக இருந்துவந்தது. அவர்கள் துணிந்த பாடத்தை அச்சகம் தந்தது, அச்சிட்டதைப் பள்ளியாசிரியர் கற்பித்தார், மாணவர் ஒப்பித்தனர். எந்தப் பாடம் சரியானது என்று ஐயுறும் தேவை பள்ளியாசிரியருக்குப் பெரும்பாலும் நேர்ந்ததில்லை.

அந்நிலை இன்று இல்லை. வகுப்புக்கு உதவும் இணையக் கருவிகளைத் தேடிப் புறப்படும் தமிழாசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மாவட்டத் தலைநகரிலிருந்து சற்றுத் தள்ளிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துபவர் என்று கொள்ளலாம். கையில் ஒரு திறன்பேசி உண்டு. பள்ளியில் கணினி அறையும், நல்வாய்ப்பிருந்தால் ஒரு புரொஜெக்டரும் உண்டு. நாளை குறள் நடத்தவேண்டும். தேடுபொறியில் முதற்சீரை இட்டதும் பத்துப் பக்கங்கள் வந்து நிற்கின்றன. ஒன்றில் சீர் பிரித்திருக்கிறது. ஒன்றில் சொல் பிரித்திருக்கிறது. மற்றொன்றில் ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை. எதனைத் திரையில் காட்டுவது? இவ்வினாவை எதிர்கொள்ளும் கணத்தில் அவ்வாசிரியர், தாம் விரும்பினும் விரும்பாவிடினும், பதிப்பாசிரியரின் பணியையும் மேற்கொண்டுவிடுகிறார். அப்பணிக்கு அவரை எந்தப் பயிற்சி வகுப்பும் ஆயத்தம் செய்வதில்லை என்பதே வருந்தத்தக்கது. பொத்தானை எங்கே அழுத்துவது என்று சொல்லித்தருவதோடு பயிற்சிகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

தேடுவோர்க்குக் கிடைக்கும் செல்வம் சிறிதன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் எழுந்தது. ஊதியம் கருதாது ஒருவர் தட்டச்சிட, இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க, நூல்கள் ஒவ்வொன்றாக இணையத்தில் ஏறின. அத்தொகுப்பின் முதல் எண்ணைப் பெற்றது திருக்குறள். 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறி, மூலத்தோடு உரைகளையும் தேடும் வசதியோடு வழங்கிவருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னிணைப்பையும் சேர்த்து 1,17,762 சொற்கள் கொண்டது. பள்ளி நூலகங்களில் காண்பதற்கு அரிய அப்பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடத்தக்க வடிவில் வைத்திருக்கிறது. ஊர்ப்புறத்து ஆசிரியர் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே அதனைப் புரட்டலாம். முன்தலைமுறைப் புலவர்கள் ஓர் அகராதித் தொகுதியைக் காண நகரத்து நூலகத்திற்கு ஒருநாள் பயணம் செய்ததை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

எனினும் பேரகராதி ஒன்றையே நம்பிவிடுதல் தகாது. அது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு நின்றுவிட்டது. இன்றைய கவிதையொன்றை நடத்தும் ஆசிரியர்க்கு 1992இல் முதற்பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்ற ஒன்று இன்றியமையாதது. சங்கப் பாட்டுக்கு ஒன்று, புதுக்கவிதைக்கு ஒன்று என்று அகராதியைத் தேர்ந்தெடுக்கும் அறிவையும் மாணவர்க்குச் சேர்த்தே ஊட்டவேண்டும்.

இனிக் கருவிகள் இடறும் இடங்களைக் காணலாம். அவ்விடங்களில்தான் தமிழ் இலக்கணம் உயிர்பெற்று வகுப்பில் உலவுகிறது.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஆறாம் வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார். கணினியைக் கேட்டால் ஐந்து என்னும். ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து இடங்களாக அச்சொல் பதிவாவதே காரணம். இணையவழி வினாத்தாள் ஒன்றில் ‘இருபது எழுத்துக்குள் விடை எழுதுக’ என்று வரம்பிட்ட ஆசிரியர், சரியாக எழுதிய மாணவரின் விடையைக் கருவி ஏற்க மறுப்பதைக் கண்டு திகைக்க நேரும். நம் இலக்கண மரபில் மெய்யே அடிப்படை. ‘க்’ என்னும் மெய்யோடு அகரம் சேரக் ‘க’ பிறக்கிறது. ஒருங்குறியில் அது தலைகீழ். ‘க’ என்பது ஒரே குறி. அதன்மேல் புள்ளியிட்டால் ‘க்’. உயிர்மெய்யிலிருந்து உயிரைக் கழித்து மெய்யைப் பெறும் முறை அது. தொல்காப்பியர் வகுத்த வழிக்கும் கருவி செல்லும் வழிக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மறைக்காமல் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியர், எழுத்திலக்கணத்தின் முதற்பகுதியை அன்றே நடத்தி முடித்தவர் ஆவார். ‘கொ’ என்று தட்டிவிட்டு ஒருமுறை அழித்துப் பார்க்கச் சொன்னால் போதும். பெரும்பாலான கருவிகளில் ‘க’ எஞ்சி நிற்கும். ஏன் எஞ்சிற்று என்று மாணவர் வினவத் தொடங்குவர்.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகை இவ்வகையில் ஒரு நல்லாசிரியர். ‘ந’வை அடுத்துத் ‘த’வை அழுத்தினால் ‘ந்த’ எனப் புள்ளி தானே வந்தமர்கிறது. ‘ங’வும் ‘க’வும், ‘ஞ’வும் ‘ச’வும் அவ்வாறே. இனவெழுத்து என்னும் இலக்கணத்தை அறிந்த விசைப்பலகை அது! ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டிப் பழகிய மாணவர்க்கு லகர, ளகர, ழகர வேறுபாடு மங்கிவருவது கண்கூடு. அவர்களைத் தமிழ் 99க்கு மாற்ற ஒரு திங்கள் போதும். அந்த ஒரு திங்களைப் பள்ளிகள் ஏனோ ஒதுக்குவதில்லை.

கண்ணுக்குப் புலனாகாத பிழைகளும் உண்டு. ‘ஔவை’ என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஔ ஒரு தனியெழுத்து. தட்டச்சிட்டோர் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என்று அமைத்துவிட்டனர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். தேடுபொறி கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு வடிவத்தை இட்டுத் தேடினால் மற்றை வடிவில் ஏறிய பாட்டு அதற்கு அகப்படாமல் போகலாம். அந்தத் தொகுப்பில் ஔவையாரே இல்லையென்று மாணவர் முடிவுகட்டிவிடக் கூடும். துணைக்கால் இடவேண்டிய இடத்தில் ரகரத்தை இட்ட பிழையும் இவ்வாறே மறைந்து கிடக்கிறது. சுவடி பெயர்த்தெழுதியோர் செய்த பிழைகளைப் பதிப்பாசிரியர்கள் களைந்தனர். தட்டச்சுப் பிழைகளைக் களைவோர் யாவர்? இவ்வகையில் விக்கிமூலம் கையாளும் முறை போற்றத்தக்கது. அச்சுப் பக்கத்தின் ஒளிப்படத்தை ஒருபுறமும் தட்டச்சிட்ட வடிவை மறுபுறமும் வைத்து ஒப்புநோக்க அது இடந்தருகிறது. பத்தாம் வகுப்பு மாணவர் இருவரை ஒரு பக்கத்தின் முன் அமர்த்தி, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கச் செய்தால் அதுவே மெய்ப்புத் திருத்தப் பயிற்சி. எழுத்துப்பிழை நீங்க வேறு மருந்து வேண்டுவதில்லை.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் யாப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுதல் பொருந்தும். பாட்டை இட்டவுடன் அசை, சீர், தளை, தொடை ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் ‘அவலோகிதம்’ என்னும் யாப்பு மென்பொருள் இணையத்தில் கிடைக்கிறது. நேர் நிரை என்று விரல்விட்டு எண்ணிக் களைத்த மாணவர்க்கு அது ஒரு வியப்பு. வெண்பாப் பயில்வோர்க்கும் பேருதவி. ஆயின் கருவி பிரிப்பது, அதனிடம் ஒப்படைத்த எழுத்துகளைத்தான். என்ன ஒப்படைப்பது என்னும் முடிவு ஆசிரியர் கையில் இருக்கிறது.

குழலையும் யாழையும் மழலையோடு ஒப்பிடும் 66ஆம் குறளை நோக்குக. மரபுப்படிச் சீர் பிரித்த வடிவில் முதற்சீர் நிரை நிரை, கருவிளம். வெண்பாவில் விளச்சீரை அடுத்து நேர் வருதல் வேண்டும். அடுத்த சீரோ ‘தியா’ எனக் குறிலும் நெடிலும் இணைந்து நிரையாகத் தொடங்குகிறது. எழுத்தெண்ணிப் பார்த்தால் தளை தட்டிவிட்டது. வள்ளுவர் தவறினாரா? இல்லை. யகரத்தின்முன் நிற்கும் அவ்விகரம் குற்றியலிகரம். தளை கெடவரும் இடத்துக் குற்றியலிகரத்தை எழுத்தாக எண்ணாது விடுதல் யாப்பு நூலார் கண்ட நெறி. விட்டுவிட்டால் சீர் ‘யா’ என்னும் நேரில் தொடங்கிக் கூவிளமாகிறது. இயற்சீர் வெண்டளை அமைகிறது.

சிக்கல் இத்துடன் முடியவில்லை. இணையத்தில் மிகுதியாகப் புழங்குவது, எளிமை கருதிச் சொல் பிரித்த வடிவம். அவ்வடிவில் குற்றியலிகரமே மறைந்துபோகிறது. முதலிரு சீர்களும் உகர ஈற்றோடு தனித்தனியே நிற்கும். அவற்றை அலகிட்டால் கருவிளங்காய், கூவிளங்காய் எனக் காய்ச்சீர்கள் கிடைக்கும். காய் முன் நேர் வருதலால் வெண்சீர் வெண்டளை பொருந்திவிடுகிறது. எந்தக் கருவியும் பிழையென்று சொல்ல வழியில்லை. கணக்கு முற்றும் சரி. பாட்டு மட்டும் வேறு! ஈரசைச் சீர்களாக வள்ளுவர் நடத்திய ஓசை, மூவசைச் சீர்களாக மாறிவிட்டதை எண்களால் அறிய இயலாது. இரு வடிவங்களையும் வாய்விட்டுப் படித்தால்தான் செவி அதனை உணரும். பிழை காட்டும் கருவியினும் பிழையே காட்டாத இடத்தில் ஆசிரியரின் விழிப்பு மிகுதியாக வேண்டப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இதன் பொருட்டுச் சொல் பிரித்த பதிப்பை இகழ்தலும் முறையன்று. மர்ரே எஸ். ராஜம் 1950களில் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகள் சங்க இலக்கியத்தைப் பொதுமக்கள் கையில் சேர்த்தவை. பொருள் உணரப் பிரித்த வடிவம், ஓசை உணரச் சீர் வடிவம் என இரண்டையும் அருகருகே திரையில் வைக்க அச்சுநூலில் இடமில்லை. இணையத்தில் தாராளமாக உண்டு. ஆசிரியர்கள் இவ்வசதியை மிகக் குறைவாகவே பயன்கொள்கின்றனர்.

ஒலிவடிவக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். பேசினால் எழுதித் தரும் கருவியை வைத்து ழகரப் பயிற்சி அளிக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர். மாணவர் ‘பளம்’ என்று ஒலித்தாலும் அக்கருவி, வழக்கில் மிகுதியாக உள்ள சொல் ‘பழம்’ என்பதால் அதனையே எழுதித் தந்துவிடக் கூடும். ஒலித்தவர் தாம் சரியாக ஒலித்ததாக மகிழ்வார். அதைவிட வகுப்பில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழியின் செவியே நல்ல தேர்வாளர்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆசிரியர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. வினாக்கள் அமைக்கவும், சுற்றறிக்கை எழுதவும், கட்டுரைக்குச் சட்டகம் வகுக்கவும் அவை பயன்படும். பள்ளி அலுவற் சுமையைக் குறைக்கும் எதுவும் வரவேற்கத்தக்கதே. பதிவேடுகளை நிரப்பி நிரப்பித் தேய்ந்த ஆசிரியர்க்கு அரைமணி மிஞ்சினாலும் அது ஒரு பாட்டு நடத்தும் நேரம். ஆனால் சங்கப் பாட்டொன்றைத் தருமாறு கேட்டால், எத்தொகையிலும் இல்லாத அடிகளைப் புலவர் பெயரோடும் பாட்டெண்ணோடும் தயங்காது புனைந்து தந்துவிடுவதும் உண்டு. அவ்வடிகள் கேட்பதற்குச் சங்கத் தமிழ் போலவே இருக்கும். இத்தகைய அடிகள் ஒருமுறை வினாத்தாளில் ஏறிவிட்டால், பின்னர் அவற்றைப் பிரித்தெடுப்பது இடைச்செருகலைக் கண்டுபிடிப்பதினும் அரிது. தொகைநூற் பதிப்போடு ஒப்புநோக்காத ஓர் அடியையும் வகுப்பில் சொல்லுதல் கூடாது என்பதில் தளர்வுக்கே இடமில்லை.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் மாணவர் கைக்கு எட்டவேண்டும். 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது இவற்றின் பயனும் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்டன. பல வீடுகளில் திறன்பேசி ஒன்றே. பகலில் அது தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் அது வீடு திரும்பும் வரை பாடம் காத்திருந்தது. அக்காலத்தில் பெரிதும் உதவியது பளபளப்பான காணொளியினும் ஆசிரியர் தம் குரலில் பதிந்து அனுப்பிய சிறு ஒலித்துண்டே எனலாம். தரவுச் செலவு குறைவு. எத்தனை முறையும் கேட்கலாம். தம்பி தங்கையரும் உடன் கேட்பர். மனப்பாடம் என்னும் பழைய வழிக்கு அது புதிய துணையாயிற்று.

இறுதியாக, இவ்வவையோர்க்கு நேரே உரிய ஒரு செய்தி உண்டு. மேற்கூறிய ஆசிரியர் இணையத்தில் எளிதாகப் பெறுவன யாருடைய கவிதைகள்? சங்கப் புலவர், ஆழ்வார், நாயன்மார், கம்பர், அடுத்துப் பாரதியார். பாரதியின் படைப்புகள் 1949இல் அரசுடைமையாயின. பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த ஆண்டினை அடுத்து 60 ஆண்டுகள் நீடிப்பது நம் நாட்டுச் சட்டம். அக்கணக்கின்படி 1981இல் மறைந்த கண்ணதாசனுக்கு அது 2041 வரை செல்லும். இன்று வாழும் கவிஞர்க்கோ சொல்லவேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தலைக் குற்றமாகக் கொள்வதில்லை. கரும்பலகையில் எழுதலாம், வகுப்பில் கொடுக்கலாம். அதனையே எல்லோரும் காணும் வண்ணம் இணையத்தில் ஏற்றுவது வேறு. அதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். கவிஞரின் உழைப்பைக் காக்கும் இவ்விதி தேவையானதே.

ஆயின் அதன் விளைவு ஒன்று உண்டு. முறையாகத் தேடும் ஆசிரியர்க்கு வாழும் கவிஞர் கிடைப்பதில்லை. முறையின்றிப் பரவுவதோ தடையின்றிக் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் உலவும் கவிதைகளில் எத்தனை, எழுதியவர் பெயரை இழந்து நிற்கின்றன. எத்தனை, எழுதாதவர் பெயரைச் சுமந்து திரிகின்றன! வரி முறித்த இடம் மாறிவிடுகிறது. இறுதி இரண்டடி காணாமற் போகிறது. அதனையே ஓர் ஆசிரியர் நன்னோக்குடன் திரையிட்டால், ஒரு வகுப்பு முழுதும் அதையே அக்கவிதை என்று நம்பும். புதுக்கவிதையில் வரி முறிப்பே பாதிக் கவிதை என்பதை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டா.

ஆதலின் இவ்விலக்கிய வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக ஒன்றை முன்வைக்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும், பள்ளி வகுப்புக்கு ஏற்றவை எனத் தாமே கருதும் ஐந்து கவிதைகளைத் தேர்ந்தெடுக்கட்டும். தலைப்பு, எழுதிய ஆண்டு, இடம்பெற்ற நூல், பதிப்பு ஆகியவற்றைக் குறித்து, வகுப்பறைப் பயன்பாட்டிற்கும் இணையத்தில் வைப்பதற்கும் இசைவு என்னும் ஒரு வரியையும் சேர்த்துத் தரட்டும். ஒருங்குறியில் தட்டச்சிட்ட வடிவத்தோடு அச்சுப் பக்கத்தின் ஒளிப்படமும் இருக்கட்டும்; ஒப்புநோக்க விரும்பும் ஆசிரியர்க்கு அது உதவும். கவிஞரே தம் குரலில் படித்த ஒலிப்பதிவும் உடன் வேண்டும். எச்சொல்லில் நின்று எச்சொல்லில் விரையவேண்டும் என்பதை எந்த உரையாசிரியரைவிடவும் அக்குரல் தெளிவாகச் சொல்லிவிடும். ஒலிக்கூடம் எதுவும் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திறன்பேசியில் பதிந்தால் போதுமானது. முதற்பதிப்பில் நேர்ந்துவிட்ட அச்சுப்பிழைகளையும் அப்போதே திருத்திக்கொள்ளலாம். அப்பிழைகளை அறிந்தவர் இன்று அக்கவிஞர் ஒருவரே. ஐம்பதாண்டுகள் கழித்து அவற்றைப் பாடவேறுபாடு என்று கருதி ஆராயப் புகும் மாணவர்க்கு யார் சொல்லப் போகிறார்கள்?